வெள்ளை அணுவை ஹீரோ ஆக்கியவர், குடலை வில்லன் ஆக்கியவர்: யார் இந்த இலியா மெச்னிகோவ்?

ரத்தம் கலந்த பேதி, வாரக்கணக்கில் ஓயாத வயிற்று வலி, காரணமே தெரியாமல் எடை குறைவு. இப்படி ஒருவர் குடல் மருத்துவரிடம் போனால், அவர் எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று மலத்தில் கால்புரொடெக்டின் அளவு பார்ப்பது. இந்தப் புரதம் கிருமியில் இருந்தோ சாப்பாட்டில் இருந்தோ வருவதில்லை. பெரும்பாலும் நம் சொந்த ரத்த வெள்ளை அணுக்களில் இருந்துதான் வருகிறது. அளவு எகிறி இருந்தால், வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடல் சுவரைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

வெள்ளை அணுக்கள்னா கிருமிகளை அடித்து விரட்டும் படைவீரர்கள், அவை நிறைய வந்தால் நல்லதுதானே? பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அப்படித்தான். அந்தப் பாடத்தை உலகத்துக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் இலியா மெச்னிகோவ். குடலில் வாழும் கிருமிகளைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியதற்கும் அவர் ஒரு பெரிய காரணம். ஆனால் இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் குடல் சுவரில் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அங்கே நடக்கும் சண்டைதான் இன்று ஐபிடி என்று சொல்லப்படும் குடல் அழற்சி நோய்.

கடைக்குட்டி, அவசரக்காரர்

1845 மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்று உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரை ஒட்டிய பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார் மெச்னிகோவ். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா யூத வம்சாவளியில் வந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைசி. (அண்ணன்களில் ஒருவரான இவான், நீதித்துறையில் இருந்தவர், 1881-ல் இறந்துபோனார். டால்ஸ்டாயின் புகழ்பெற்ற குறுநாவலான இவான் இலியிச்சின் மரணத்துக்கு அவருடைய மரணம்தான் தூண்டுதல்.)

படிப்பில் அப்படி ஒரு வேகம். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட இயற்கை அறிவியல் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகப் போனார். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை, விலங்கியல்காரர். கடல் பிராணிகள், புழுக்கள், அவற்றின் கரு வளர்ச்சி, இதுதான் அவர் உலகம்.

1865-ல் ஜெர்மனியின் கீசன் நகரில் ஒரு தட்டைப்புழுவைப் பார்த்தார். நமக்குச் சாப்பாடு வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் செரிக்கிறது. அந்தச் செரிமானம் செல்களுக்கு வெளியே நடப்பது. அந்தப் புழுவிலோ, செல்களே இரையை விழுங்கித் தமக்குள் வைத்துச் செரித்தன. ஒரு செல் இன்னொன்றைச் சாப்பிடும் என்ற அந்தக் காட்சி அவர் மனதிலேயே கிடந்தது. அது எதற்கு உதவப்போகிறது என்று தெரிய இன்னும் 17 வருடம் ஆனது.

22 வயதில் ஒடெசா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். அவரிடம் படித்த மாணவர்களில் சிலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள்.

முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். திருமணத்தன்று தேவாலயத்துக்குள் அவரை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப்போனார்கள். நோயைக் குணப்படுத்த இடம் மாற்றி இடம் மாற்றி அலைந்தும் பயனில்லை. 1873-ல் மடெய்ரா தீவில் லுட்மிலா இறந்தார். அந்தத் துக்கத்தில் மெச்னிகோவ் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். 1875-ல் ஓல்காவை மறுமணம் செய்தார். ஓல்கா டைஃபாய்டில் விழுந்து பிழைத்த காலத்தில், உடலும் மனமும் தளர்ந்துபோய் மீண்டும் ஒருமுறை அப்படி முயன்றார். இரண்டு முறையும் பிழைத்தார். பிற்காலத்தில் மனித வாழ்வு நீளமானது, அருமையானது என்று நம்பிக்கையோடு புத்தகம் எழுதியவர் இதே ஆள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் போன நாள்

1881-ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதன் பிறகு பல்கலைக்கழகங்களில் அரசியல் நெருக்கடி முற்றியது. வெறுத்துப்போன மெச்னிகோவ் 1882-ல் வேலையை விட்டார். ஓல்காவின் பெற்றோர் வழியில் வந்த சொத்து இருந்ததால் சம்பளம் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. மனைவி, மனைவியின் தம்பி தங்கைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகரில் குடியேறினார். வீட்டு வரவேற்பறைதான் ஆய்வுக்கூடம். ஜன்னலுக்கு வெளியே கடல்.

ஒருநாள் ஊருக்கு சர்க்கஸ் வந்திருந்தது. வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க வீட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு தனியாக. கண்ணுக்கு முன்னால் நட்சத்திர மீனின் லார்வா. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடல். உள்ளே சில செல்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வெட்டியது. இந்த ஊரும் செல்கள் உணவைச் சாப்பிடுவதற்கு மட்டும்தானா? உள்ளே நுழையும் எதிரியையும் இவை சாப்பிட்டால்?

யோசனை சரி என்றால், லார்வாவின் உடலில் ஒரு முள்ளைக் குத்தினால் அந்தச் செல்கள் முள்ளைச் சூழ வேண்டும். நம் விரலில் முள் குத்தினால் சீழ் கட்டுகிறதே, அதேபோல. நட்சத்திர மீனுக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு வலைப்பின்னலும் நம்முடையது போல் கிடையாது. அதிலும் இது நடந்தால், அழற்சி என்பதன் மூலம் ரத்தக் குழாயில் இல்லை, ஊரும் செல்லில் இருக்கிறது என்று ஆகும்.

தோட்டத்தில் ரோஜா இருந்தது. சில முட்களைப் பறித்து வந்து லார்வாக்களின் தோலுக்கு அடியில் செருகினார். அன்று இரவு தூக்கம் இல்லை. அதிகாலையில் எழுந்து பார்த்தால், ஒவ்வொரு முள்ளைச் சுற்றியும் செல்கள் அப்பிக்கொண்டு நின்றன.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அன்றைய மருத்துவர்களுக்கும் சீழில் வெள்ளை அணுக்கள் இருப்பது தெரியும். அவற்றுக்குள் கிருமிகள் இருப்பதையும் பார்த்திருந்தார்கள். ஆனால் பலர் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? கிருமி வெள்ளை அணுவில் ஏறிக்கொண்டு உடம்பு முழுக்கப் பரவுகிறது என்று. அதாவது வெள்ளை அணு, எதிரிக்கு வண்டி ஓட்டும் ஆள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி இந்த நான்கும்தான் நோய் என்று நினைத்த காலம் அது. மெச்னிகோவ் அதைத் தலைகீழாகத் திருப்பினார். வெள்ளை அணு வண்டிக்காரன் இல்லை, கிருமியைத் தின்னும் காவலாளி. அழற்சி நோய் இல்லை, நோய்க்கு எதிராக உடல் நடத்தும் சண்டை.

அந்தச் சமயம் மெசினாவுக்கு வந்த ஜெர்மன் நோயியல் மேதை ருடால்ஃப் விர்ச்சோ இதைப் பார்த்து ஊக்கம் கொடுத்தார், கூடவே எச்சரிக்கையாகப் போகவும் சொன்னார். வியன்னாவின் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளாஸ், இந்தச் செல்களுக்கு கிரேக்க மொழியில் இருந்து ஃபேகோசைட் என்ற பெயரை எடுத்துக்கொடுத்தார். தின்னும் செல் என்று பொருள். இவற்றில் பெரியவற்றை மேக்ரோஃபேஜ் என்றும், சிறியவற்றை மைக்ரோஃபேஜ் என்றும் மெச்னிகோவ் பிரித்தார். மேக்ரோஃபேஜ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சிறியவற்றை இன்று நாம் முக்கியமாக நியூட்ரோபில் என்கிறோம். குடல் நோயாளியின் மலத்தில் கால்புரொடெக்டினைக் கொட்டுபவை இந்தச் சின்னவைதான்.

சும்மா விடவில்லை எதிர் அணி

1884-ல் டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சியை எடுத்தார். அதன் உடலைத் துளைத்து நுழைகிற ஒரு வகை ஈஸ்ட்டின் வித்துகளை ஃபேகோசைட்டுகள் தின்று அழித்தால் பூச்சி பிழைத்தது. தின்ன முடியாத அளவுக்கு வித்துகள் வந்தால் பூச்சி செத்தது. முள்ளைச் சுற்றி நின்றதோடு கதை முடியவில்லை, உயிரோடு இருக்கும் எதிரியையும் இவை கொல்லும் என்பதற்கு இது ஆதாரம் ஆனது.

1886-ல் ஒடெசாவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதற்காகத் தொடங்கிய நுண்ணுயிரியல் நிலையத்துக்கு அவர் தலைவர். ஆனால் டாக்டர் பட்டம் இல்லாத ஒரு விலங்கியல்காரர் மருத்துவ நிலையத்தை நடத்துவதா என்று உள்ளூர் மருத்துவர்களின் எதிர்ப்பு. 1888-ல் பாரிஸ் போனார். புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்த தன் நிறுவனத்தில் லூயி பாஸ்டர் அவருக்கு ஆய்வுக்கூடம் ஒதுக்கினார். சாகும்வரை அவர் இடம் அதுதான்.

இங்கே இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. ஒடெசாவில் மெச்னிகோவிடம் படித்தவர் வால்டெமர் ஹாஃப்கின். அவரும் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து, காலரா தடுப்பூசியை உருவாக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பம்பாயில் பிளேக் பரவியபோது 1897-ல் அதற்கும் தடுப்பூசி செய்தார். மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் இருந்த எதிர் அணி சாதாரணமானது இல்லை. 1890-ல் பெஹ்ரிங்கும் கிட்டசாட்டோவும், ரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள ஏதோ ஒன்று நஞ்சை முறிக்கிறது என்று காட்டினார்கள். இன்று நாம் ஆன்டிபாடி என்கிறோமே, அது. உடனே சண்டை சூடுபிடித்தது. உடலைக் காப்பது செல்லா, திரவமா? ஃபேகோசைட் எல்லாம் போர் முடிந்த பிறகு குப்பை அள்ள வருகிறவை என்று ஜெர்மானியர்கள் கிண்டல் செய்தார்கள். விந்தை என்னவென்றால், திரவக் கட்சிக்கு வலு சேர்த்த முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று மெச்னிகோவின் சொந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தே வந்தது. அங்கே வேலை பார்த்த ஜூல்ஸ் போர்டே, இன்று காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தப் புரதங்களின் வேலையை விளக்கினார்.

கடைசியில் நோபல் குழு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1908-ல் பரிசைக் கொடுத்தது. ஒரு பாதி மெச்னிகோவுக்கு, மறுபாதி ஆன்டிபாடி கட்சியின் பால் எர்லிக்குக்கு. வெள்ளை அணுக்களைச் சாயத்தால் பிரித்துக் காட்டி நியூட்ரோபில் என்ற பெயரைச் சூட்டியவரும் இதே எர்லிக்தான். அந்த டிசம்பர் மாதக் கடைசியில், மெச்னிகோவ் முள்ளைக் குத்திப் பார்த்த மெசினா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது.

குடல் மீது வந்த கோபம்

1892-ல் பிரான்சில் காலரா. கிருமியைக் குடித்தால் நோய் வருமா என்று பார்க்க மெச்னிகோவ் தானே காலராக் கிருமியைக் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. தானாக முன்வந்த இன்னொருவருக்குக் கொடுத்தார், அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாகக் குடித்தவர் செத்துப் பிழைத்தார். இன்றைய ஆய்வு விதிகளின்படி இது கைது செய்யப்பட வேண்டிய வேலை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒரே கிருமி, ஏன் ஆளுக்கு ஆள் விளைவு மாறுகிறது? குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள்தான் காரணமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இன்று மைக்ரோபயோம் என்ற பெயரில் நடக்கும் ஆராய்ச்சிகளின் ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து அவர் போன பாதைதான் சிக்கல். 1900-க்குப் பிறகு முதுமை பற்றி யோசிக்க ஆரம்பித்தார். முதுமையை ஆராயும் துறைக்கு ஜெரண்டாலஜி என்று பெயர் கொடுத்ததும் அவர்தான். பெருங்குடலில் கிருமிகள் கழிவை அழுகவைக்கின்றன, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது, அதனால்தான் மனிதன் சீக்கிரம் முதுமை அடைகிறான் என்றார். பறவைகளுக்குப் பெருங்குடல் சின்னது, அவை நீண்ட காலம் வாழ்கின்றன, பாலூட்டிகளுக்குப் பெரியது, அவை அப்படி வாழ்வதில்லை என்று ஒப்பிட்டார். பெருங்குடல் மனிதனுக்குத் தேவையில்லாத உறுப்பு என்கிற அளவுக்குப் போனார்.

லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இந்த நஞ்சுக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு, மலச்சிக்கலுக்காகப் பலரின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். பிறகு சக மருத்துவர்களிடம் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். மெச்னிகோவ் நாடியது கத்தியை இல்லை, புளித்த பாலை. பல்கேரியக் கிராமங்களில் தயிர் சாப்பிடுகிறவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள் என்ற பேச்சு அவரை ஈர்த்தது. அந்தத் தயிரில் உள்ள பாக்டீரியாவை ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர் 1905-ல் கண்டுபிடித்திருந்தார். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் அழுகவைக்கும் கிருமிகளை அடக்கும் என்று மெச்னிகோவ் நம்பினார். தினமும் புளித்த பால் குடித்தார், பச்சைக் காய்கறியைத் தவிர்த்தார். ஐரோப்பாவில் தயிர் விற்பனை சூடு பிடித்தது. இன்று கடையில் கிடைக்கும் புரோபயாடிக் பாட்டில்களுக்கெல்லாம் இவர்தான் தாத்தா.

நஞ்சுக் கொள்கை பின்னால் நொறுங்கிப்போனது. ஆனால் அதே முதுமை ஆராய்ச்சியில் அவர் சொன்ன இன்னொன்று கவனிக்க வேண்டியது. வயதான உடலில் மேக்ரோஃபேஜ்கள் காவல் வேலையை விட்டுவிட்டு, உடலின் சொந்தச் செல்களையே தின்ன ஆரம்பிக்கின்றன என்றார். முடியின் கறுப்பு நிறத்தை அவை தின்பதால்தான் தலை நரைக்கிறது, மூளைச் செல்களையும் அவை அரிக்கின்றன என்றார். நரை விஷயத்தில் அவர் சொன்னது தவறு. ஆனால் காவலாளியே வீட்டைக் கொள்ளையடிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது பாருங்கள். கிருமி நிறைந்த குடல் ஒரு கையில், எல்லை மீறும் வெள்ளை அணு இன்னொரு கையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஐபிடியின் அடிப்படை அவருக்கே பிடிபட்டிருக்கும். அவரோ ஒன்றை நஞ்சுக் கணக்கிலும் மற்றொன்றை நரைமுடிக் கணக்கிலும் எழுதிவைத்தார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916 ஜூலையில், 71 வயதில், இதய நோயால் பாரிசில் இறந்தார். கடைசி நேரத்திலும் குடல் நினைப்புதான். சக ஆய்வாளரான ஒரு மருத்துவரிடம், தன் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

சரி, குடல் சுவரில் என்னதான் நடக்கிறது?

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெயர் 1859-லேயே லண்டனில் வந்துவிட்டது. பெருங்குடலின் உள் பூச்சில் புண் வருவது அது. ஐபிடியின் இன்னொரு வகையான க்ரோன்ஸ் நோயை நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-ல் விவரித்தார்கள். மெச்னிகோவ் இறந்து 16 வருடம் கழித்து.

குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றுக்கும் நம் உடம்புக்கும் நடுவில் இருப்பது ஒரு சளிப்படலமும், ஒரே ஒரு செல் அடுக்கும். அந்த அடுக்குக்குக் கீழே மெச்னிகோவின் மேக்ரோஃபேஜ்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. உடலில் அவை அதிகம் குவிந்திருக்கும் இடங்களில் குடலும் ஒன்று. ஆனால் இவை ஒரு தனி ரகம். தப்பி உள்ளே வரும் கிருமியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், அலாரம் அடிக்காது. அடித்தால் நாம் ஒரு வேளை சாப்பிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ரத்தத்தில் இருந்து மோனோசைட் என்ற இளம் செல்கள் ஓயாமல் இங்கே வந்து, இந்த அமைதியைக் கற்றுக்கொண்டு மேக்ரோஃபேஜாக மாறுகின்றன.

ஐபிடி வந்தவர்களுக்குக் கெடுவது இந்தப் பழக்கம்தான். புதிதாக வரும் செல்கள் அமைதி அடைவதில்லை. டிஎன்எஃப் போன்ற ரசாயனங்களைச் சுரந்து அலாரத்தை அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு நியூட்ரோபில்கள் படையெடுத்து வருகின்றன. குடல் பூச்சில் உள்ள சின்னச் சின்னக் குழிகளுக்குள் புகுந்து சீழாகத் தேங்குகின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளையும் ரசாயனங்களையும் அங்கேயே கொட்டுகின்றன. பூச்சு அரித்துப் புண் ஆகிறது, ரத்தம் கசிகிறது. புண் வழியாக இன்னும் கிருமி நுழைய, இன்னும் படை வருகிறது. லிம்போசைட் என்ற மற்றொரு வெள்ளை அணு வகை இந்தச் சண்டையை நினைவில் வைத்துத் தொடர வைக்கிறது.

அப்போ வெள்ளை அணு அதிகமா வேலை செய்வதுதான் பிரச்சினையா? அதுவும் முழு உண்மை இல்லை. பிறவியிலேயே ஃபேகோசைட்டுகளால் விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாத ஓர் அரிய நோய் உண்டு. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு க்ரோன்ஸ் நோயைப் போலவே குடல் அழற்சி வருகிறது. கொல்ல முடியாததால் கிருமி அங்கேயே கிடக்க, உடல் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2001-ல் க்ரோன்ஸ் நோயோடு தொடர்புடையது என்று முதலில் கண்டறியப்பட்ட மரபணுவும், கிருமியை அடையாளம் காண உதவும் ஒன்றுதான். எனவே காவல் அதிகமானாலும் ஆபத்து, அரைகுறையானாலும் ஆபத்து. மெச்னிகோவின் டாஃப்னியா, வித்துகளைத் தின்று முடிக்க முடியாமல் செத்ததே, அந்தப் பக்கத்துக் கதை இது.

சிகிச்சை முழுக்க வெள்ளை அணுவைச் சுற்றித்தான். ஸ்டீராய்டு மொத்தப் படையையும் அடக்கிவைக்கும், அதனால்தான் பக்கவிளைவும் அதிகம். வெடோலிசுமாப் என்ற ஊசி மருந்து, லிம்போசைட்டுகள் ரத்தத்தில் இருந்து குடலுக்குள் இறங்கும் வாசலை மட்டும் அடைக்கும். ஜப்பானில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு இன்னொரு முறையும் இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, நியூட்ரோபில்களும் மோனோசைட்டுகளும் ஒட்டிக்கொள்ளும் மணிகள் நிறைந்த குழாய் வழியாக ஓடவிட்டு, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். தயிரோ புரோபயாடிக்கோ மட்டும் இந்த நோயைக் குணப்படுத்தும் என்பது நிரூபிக்கப்படவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்புவது ஆபத்து.

இந்தியாவில் இன்னொரு தலைவலி, குடல் காசநோய். க்ரோன்ஸ் நோயும் இதுவும் அறிகுறியில் ஒன்றுபோலவே இருக்கும். பயாப்ஸியில் பார்த்தாலும் இரண்டிலும் மேக்ரோஃபேஜ்கள் கட்டி கட்டியாகக் கூடி நிற்கலாம். காசநோய் உள்ளவருக்கு க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். குடலில் இல்லாவிட்டாலும் நம்மில் பலரின் உடலில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் சுவர் எழுப்பி நிற்கின்றன. அந்தச் சுவர் நிற்க டிஎன்எஃப் தேவை. 1998-ல் க்ரோன்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி தடுப்பது அந்த டிஎன்எஃப்பைத்தான். குடல் ஆறும், ஆனால் சுவர் இடிந்து காசநோய் எழுந்துவிடலாம். அதனால்தான் இந்த ஊசியைத் தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் எடுத்துவரச் சொல்லி மருத்துவர்கள் அனுப்புகிறார்கள்.